புகை நெடி பிடித்துப்போன கதை: ஐலா விஸ்கியோடு உங்கள் முதல் சந்திப்பு

கிளாஸ்கோவிலிருந்து, திரியைத் தொடங்குபவர்

கிளாஸ்கோவுக்கு வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வந்த முதல் குளிர்காலத்தில், கூட வேலை பார்த்த ஒருவர் வேறு ஊருக்குக் கிளம்புகிறார் என்று எல்லோரும் பப்புக்குப் போனோம். கிளம்புகிறவரே ஆளுக்கொரு டிராம் வாங்கிக் கொடுத்தார். டிராம் என்பது இங்கே ஒரு சின்ன ஊற்று. பப்பில் 25 மில்லி, சில இடங்களில் 35. அவர் வாங்கியது ஐலா தீவில் காய்ச்சுகிற லஃப்ராய்க் 10, அதாவது பத்து வருடம் பீப்பாயில் கிடந்தது. அதுவரை எனக்குத் தெரிந்த ஸ்காட்ச் எல்லாம் பிளெண்டட்தான், பல விஸ்கிகளைக் கலந்தது. லேசான இனிப்பு, கொஞ்சம் வெனிலா, தொண்டையில் ஒரு சூடு, அவ்வளவுதான். இந்தக் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் கை அப்படியே நின்றுவிட்டது. சின்ன வயதில் முழங்காலில் சிராய்த்துக்கொண்டு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பவுண்டர் பஞ்சில் நனைத்து வைப்பாரே டிங்சர், அதே நெடி. அதற்குப் பின்னால் கரியும் ரப்பரும் சேர்ந்து எரிந்த மாதிரி ஒன்று. ஒரு வாய் குடித்தேன். மீதியை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

குடித்தவற்றைக் குறித்து வைக்கிற பழக்கம் அப்போதே உண்டு. அன்றிரவு நோட்டில் மூன்றே வார்த்தைகள் எழுதினேன்: டிங்சர், கரி, வேண்டாம்.

இரண்டரை வருடம் கழித்து ஒரு மே மாதம், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் இருக்கிற ஐலா தீவுக்குப் போனேன். விஸ்கிக்காக என்றுகூட இல்லை, கடல் பார்க்கத்தான். கேம்பெல்டவுன் போகிற பஸ் கிளாஸ்கோவிலிருந்து லோமண்ட் ஏரிக்கரையோடு போய், மலையேறி இறங்கி, இன்வரேரி வழியாகக் கென்னக்ரெய்க் துறையில் இறக்கிவிடும். அங்கிருந்து கப்பலில் போர்ட் எல்லனுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தீவில் மொத்தமே மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். எதிரே வருகிற வண்டிக்காரர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் ஸ்டீயரிங்கிலிருந்து கை தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போவார். போர்ட் எல்லனிலிருந்து கிழக்கே நடைபாதை போட்டிருக்கிறார்கள். மூன்று மைலுக்குள் லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் மூன்றும் வரிசையாக வந்துவிடும். மூன்றுமே கடலைப் பார்த்த வெள்ளைச் சுவர்கள், அதில் ஆள் உயரத்துக்கு மேல் கறுப்பு எழுத்தில் பெயர்.

லஃப்ராய்க்கில் மால்ட் போடும் தளத்துக்குள் கூட்டிப் போனார்கள். மால்ட் என்றால் முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லி. தேவையான மால்ட்டில் ஒரு பகுதியை இன்றும் அங்கேயே தரையில் பரப்பித்தான் முளைக்க விடுகிறார்கள். உள்ளே கால் வைத்ததும் எனக்கு விஸ்கி ஞாபகமே வரவில்லை. விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி மூட்டம் போடுவோமே, சாக்கைப் பிரித்ததும் கதகதவென்று ஒரு வாசம் வரும். அதேதான். குனிந்து ஒரு பிடி பார்லியை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. விரலால் நசுக்கினால் சுண்ணாம்பு மாதிரி மாவாகிறது, நாக்கில் வைத்தால் இனிப்பு.

அடுத்தது சூளை. கூட்டிப் போனவர் ஒரு பீட் கட்டியைக் கையில் கொடுத்தார். பீட் என்றால் சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஹெதர் புதரும் ஆயிரக்கணக்கான வருடம் மக்கிப் படிந்த மண். ஒரு மில்லிமீட்டர் வளர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். வெட்டியெடுத்துக் காயவைத்த கட்டி, நம் வறட்டி மாதிரி, கையில் எடையே தெரியாது. உடைத்தால் உள்ளே நார்நாராக வேர். இதைக் கொழுந்துவிட்டு எரிய விடமாட்டார்கள், புகைமூட்டமாகவே வைத்திருப்பார்கள். மால்ட் ஈரமாக இருக்கும்போதுதான் புகை உமியில் ஒட்டும். காய்ந்தபிறகு எவ்வளவு புகைத்தாலும் பிடிக்காது. கதவைத் திறந்து காட்டினார். மழைக்காலத்தில் ஈர வறட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊதுவாள், அந்தப் புகை. அதோடு கடற்கரை வாடை. பப்பில் நான் டிங்சர் என்று எழுதியது இதைத்தான்.

வெளியே வந்து கற்சுவர் ஓரம் உட்கார்ந்தேன். அதே லஃப்ராய்க் 10 ஒரு கிளாஸில். அலை ஒதுக்கிய கடற்பாசி காலடியில் கிடந்து வெயிலில் நொதித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவசரப்படவில்லை. முதலில் நெடிதான். பத்து நிமிடம் கழித்து அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டேன். நெடி கீழே இறங்கிவிட்டது. அதற்கடியில் கருப்பட்டிப் பாகு இருந்தது. நன்றாகக் கனிந்து தோல் கறுத்த வாழைப்பழம் இருந்தது. விழுங்கிய பிறகு உதட்டில் உப்பு நின்றது. உப்பு கடற்காற்றினாலும் இருக்கலாம், அதையும் அப்படியே நோட்டில் எழுதினேன்.

அப்போது பிடிபட்டதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். விஸ்கி விமர்சனங்களை ஆங்கிலத்தில் படித்துப் படித்து நாமும் ஹெதர் தேன், கிறிஸ்துமஸ் கேக் என்று எழுதப் பழகிவிட்டோம். பிறந்ததிலிருந்து ஹெதர் பூவையே மோந்திராத மூக்கு அதை எப்படிக் கண்டுபிடிக்கும்? நம்மிடம் மணம், வாசம், வாடை, நெடி, வீச்சம், கவிச்சி, கமறல் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. நெடி வந்து மூக்கில் அடிக்கும். வாடை சுற்றி நிற்கும். மணத்தை நாம்தான் தேடிப் போக வேண்டும். புகை விஸ்கி ஒரே கிளாஸில் இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறது. நெடியோடு கிளாஸைக் கீழே வைத்துவிட்டால் மற்ற இரண்டும் கிடைக்காது. நான் இரண்டரை வருடம் அப்படித்தான் இழந்தேன்.

ஒரு சேதி சொல்லிவிடுகிறேன், அங்கே கேட்டதிலிருந்து மனதில் நிற்கிறது. லஃப்ராய்க்கை வெகுகாலம் நடத்தியவர் பெஸ்ஸி வில்லியம்சன் என்ற பெண்மணி. கிளாஸ்கோவில் பட்டம் படித்துவிட்டு 1934இல் ஒரு கோடைக்கு மட்டும் தட்டச்சு வேலைக்கு என்று தீவுக்கு வந்தவர். 1954இல் முதலாளி இயன் ஹன்டர் இறந்தபோது டிஸ்டிலரியையே அவர் பெயருக்கு எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்தில், அந்தத் தொழிலில், ஒரு பெண்.

சரி, உங்கள் முதல் புகை அனுபவத்தை எழுதுங்கள். எந்த விஸ்கி, எத்தனை சதவீதம், ராவாகவா தண்ணீர் விட்டா, உங்கள் மூக்கில் என்ன ஞாபகம் வந்தது. மார்க் மட்டும் போட வேண்டாம். நூற்றுக்கு எண்பத்தேழு என்றால் யாருக்கும் எதுவும் புரியாது.


எடின்பரோவிலிருந்து

டிங்சர் என்று எழுதியது தவறில்லை அண்ணா. நான் வேதியியல் ஆராய்ச்சியில் இருக்கிறேன், உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பீட் புகையில் ஃபீனால் குடும்பத்துச் சேர்மங்கள் வருகின்றன. அதில் கிரெசால்களுக்கு மருத்துவமனைத் தரை கழுவுகிற வாடை. குவாயகால் என்று இன்னொன்று, அதுதான் புகைபோட்ட வாசம் தருவது. அந்தக் காலத்துக் கிருமிநாசினிகளில் இதே குடும்பம்தான் இருந்தது.

என் முதல் சந்திப்பு கிளாஸில் நடக்கவில்லை, லேபில்தான். குவாயகால் பாட்டிலைத் திறந்த அன்று முழுக்கத் துப்பட்டாவில் சாம்பிராணி போட்ட வீட்டு வாடை. ஒரு வருடம் கழித்து லீத் பக்கம் நண்பர்களோடு ஆர்ட்பெக் 10 மோந்தபோது, வாயில் வைப்பதற்கு முன்பே இது எனக்குத் தெரிந்த ஆள் என்று தோன்றிவிட்டது. அதனால் எனக்கு அதன்மேல் வெறுப்பே வந்ததில்லை. பழகிய வாடைக்கு மூக்கு பயப்படாது.

தண்ணீர் விடுவதைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஒரு ஆய்வு உண்டு. ஸ்வீடனில் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் 2017இல் வெளியிட்டது. தண்ணீர், எத்தனால், குவாயகால் மூன்றையும் கணினியில் மாதிரியாக வைத்துப் பார்த்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும்போது குவாயகால் திரவத்தின் மேற்பரப்பில், காற்றைத் தொடுகிற இடத்தில்தான் அதிகம் நிற்கிறது. 59 சதவீதத்துக்கு மேலே போனால் எத்தனால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆக, காஸ்க் ஸ்ட்ரென்த் (பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அப்படியே அடைத்தது) பாட்டிலுக்குத் தண்ணீர் விட்டால் புகை செத்துப்போகும் என்று பயப்படத் தேவையில்லை. அது மேலே ஏறி வர வழி கிடைக்கிறது.

படித்தால் போதாது என்று வீட்டில் செய்து பார்த்தேன். 58 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு காஸ்க் ஸ்ட்ரென்த் ஐலா மால்ட், மூன்று ஒரே மாதிரி கிளாஸ், மருந்து கொடுக்கிற ஊசியில்லாத சிரிஞ்ச். ஒன்றில் 20 மில்லி அப்படியே. இரண்டாவதில் 3 மில்லி தண்ணீர். மூன்றாவதில் 9 மில்லி. முதல் கிளாஸ் மூக்கு முடியைப் பொசுக்கியது, அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவதில் சுட்ட சோளக்கதிர், எலுமிச்சைத் தோல். மூன்றாவதில் சாம்பிராணி மட்டும் நின்றது, பழ வாசனை எல்லாம் கரைந்துபோய் நாக்கில் சப்பென்று இருந்தது. எனக்கு நடுக் கிளாஸ்தான் பிடித்தது. உங்களுக்கு வேறாக இருக்கும். ஆனால் தண்ணீர் எவ்வளவு விட்டீர்கள் என்று சொல்லாத விமர்சனத்தை நான் இப்போதெல்லாம் படிப்பதில்லை.

ஐஸ் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் குளிர்ந்தால் வாசம் மேலே எழும்பாது. இது ரசத்துக்கும் பொருந்தும்.


இன்வர்னெஸிலிருந்து

சின்னதாக ஒன்று. மலைநாட்டில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தபோது டாலிஸ்கர் 10 கேட்டேன். ஸ்கை தீவில் 1830இல் தொடங்கியது, 45.8 சதவீதம், விழுங்கியதும் மிளகு போலக் காரம் ஏறும் என்று எல்லோரும் சொல்லக் கேட்டு ஆசையாகக் கேட்டது. வந்த கிளாஸில் பாத்திரம் கழுவுகிற சோப்பு வாடையும் நனைந்த துணி வாடையும். விஸ்கியின் குணமே இதுதான் போலும் என்று நினைத்து நாலு பேருக்கு வேண்டாம் என்று சொல்லியும்விட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு நண்பர் வீட்டில் சுத்தமான கிளாஸில் குடித்தபோதுதான் மிளகு தெரிந்தது. நல்ல மிளகு, வெண்பொங்கலில் நெய்யில் பொரித்துப் போட்டது போல, முதலில் தெரியாமல் கடைசியில் தொண்டையில் ஏறுகிறது.

அதிலிருந்து ஊற்றுவதற்கு முன்னால் காலி கிளாஸை மோந்து பார்க்கிறேன். வாடை இருந்தால் வெந்நீரில் மட்டும் அலசித் தலைகீழாகக் காயவைப்பேன், துணியால் துடைக்க மாட்டேன். வாய் குறுகி வயிறு அகன்ற டியூலிப் வடிவக் கிளாஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், க்ளென்கெய்ர்ன் போதும். அகன்ற டம்ளரில் ஊற்றினால் பாதி வாசம் கூரைக்குப் போய்விடும்.


லிவர்பூலிலிருந்து

எனக்கு வயது ஐம்பத்தாறு. கப்பலில் இருபது வருடம் இன்ஜின் அறையில் வேலை. டீசல், கிரீஸ், எரிந்த எண்ணெய் என்று மூக்கு பழகியதால் முதல் புகை விஸ்கியே எனக்கு உறவுக்காரன் மாதிரி இருந்தது. அது லகவூலின் 16. என்னுடைய தப்பு வேறு விதம். புகை பிடித்துப்போனதும் இன்னும் புகை, இன்னும் புகை என்று எண்ணைத் துரத்த ஆரம்பித்தேன்.

தம்பிமார்களுக்கு அந்த எண் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மால்ட்டில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்று அளப்பார்கள், பிபிஎம். ஐலா டிஸ்டிலரிகளில் போமோர் 25 சுற்றி, லகவூலின் 35, லஃப்ராய்க் 40 முதல் 45, ஆர்ட்பெக் 55. அப்புறம் அதே தீவின் ப்ரூக்லாடிக் டிஸ்டிலரிக்காரர்கள் ஆக்டமோர் என்று ஒன்று செய்தார்கள். 2008இல் வந்த முதல் வெளியீடே 131. பிறகு ஒரு வெளியீட்டில் 309க்கும் மேலே போனார்கள். நான் நினைத்தேன், 309 என்றால் லகவூலினைப் போல ஒன்பது மடங்கு. குடித்துப் பார்த்தால் அப்படி இல்லவே இல்லை. புகை உண்டு, நிறையவே உண்டு, ஆனால் அதற்குப் பின்னால் பார்லியின் இனிப்பும் பழமும் துல்லியமாகக் கேட்டது. லஃப்ராய்க்கின் ஆஸ்பத்திரி அதில் இல்லை.

காரணம் இதுதான். அந்த எண் மால்ட்டில் எடுத்தது, கிளாஸில் எடுத்ததல்ல. அரைத்து, வெந்நீரில் கரைத்து, நொதிக்கவிட்டு, இரண்டு தடவை செம்பு வாலையில் காய்ச்சும்போது பெரும்பகுதி வழியிலேயே போய்விடுகிறது. பீப்பாயில் கிடக்கக் கிடக்க இன்னும் குறையும். இரண்டாவது வாலையில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதை மட்டும் எடுப்பார்கள். புகைச் சேர்மங்கள் பிந்தித்தான் வரும். எந்த நிமிடத்தில் குழாயைத் திருப்புகிறார்கள் என்பதைப் பொறுத்து ஆஸ்பத்திரி வருமா சாம்பல் வருமா என்பது மாறிவிடும். இன்ஜின் அறையில் வால்வு திருப்பினவனுக்கு இது உடனே புரியும்.

இதற்கு நல்ல சாட்சி வேண்டுமானால் லகவூலின் 16ஐயும் அதே தீவின் குல் ஈலா 12ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். இரண்டும் 43 சதவீதம். இரண்டுக்கும் போர்ட் எல்லன் மால்ட் ஆலையிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவு புகைத்த மால்ட்தான் போகிறது. லகவூலினில் வாலையை விளிம்பு வரை நிரப்பி மெதுவாகக் காய்ச்சுவார்கள். ஆவி செம்பைத் தொடுகிற நேரம் குறைவு, அதனால் எண்ணெய்ப் பிசுக்கோடு கனமாக வரும். குல் ஈலாவின் பெரிய வாலைகளில் பாதிக்கும் குறைவாக ஊற்றுவார்கள், ஆவி செம்போடு நிறைய உரசிக்கொண்டு ஏறும். ஒன்று அடுப்படிச் சுவரில் படிந்த கரி. இன்னொன்று கடற்கரையில் யாரோ தூரத்தில் சருகு கொளுத்துகிற புகை, அதோடு எலுமிச்சை. எண் ஒன்று, ஆள் இரண்டு.

அந்த மால்ட் ஆலை பக்கத்திலிருக்கிற போர்ட் எல்லன் டிஸ்டிலரி 1983இல் மூடப்பட்டது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆலையின் புகை மட்டும் வந்துகொண்டிருந்தது, வாலை எரியவில்லை. 2024 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். அது வயதாகி வெளிவரும்போது நான் குடிக்க வேண்டும் என்று ஆசை.

ஐலாவோடு நிற்காமல் கேம்பெல்டவுனும் போய்ப் பாருங்கள். அங்கே ஸ்ப்ரிங்பேங்க் டிஸ்டிலரியில் தங்களுக்கு வேண்டிய பார்லி முழுவதையும் தங்கள் தரையிலேயே மால்ட் ஆக்குகிறார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று விஸ்கி: புகையே இல்லாமல் மூன்று தடவை காய்ச்சிய ஹேசல்பர்ன், கொஞ்சம் புகையோடு இரண்டரைத் தடவை காய்ச்சிய ஸ்ப்ரிங்பேங்க், நிறையப் புகையோடு இரண்டு தடவை காய்ச்சிய லாங்ரோ. இரண்டரை என்றால், ஒரு பங்கு இரண்டு தடவை, மீதி மூன்று தடவை போகிறது. மூன்றையும் ஒரே மேஜையில் வைத்தால் புகை எங்கே வேலை செய்கிறது, வாலை எங்கே வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்துவிடலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் ஸ்காட்லாந்தில் கிடையாது.


மான்செஸ்டரிலிருந்து

நான் ஐலாவுக்குப் போனது டிரைவராக. கணவரும் அவர் நண்பர்கள் இருவரும் ருசிப்பார்கள், நான் வண்டி ஓட்டுவேன் என்று ஏற்பாடு. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து வண்டி ஓட்டுபவர் இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு, இங்கிலாந்தில் இருக்கும் 80 அங்கே செல்லாது. அதனால் டிஸ்டிலரிகளில் டிரைவருக்கு உரிய பங்கைச் சின்னச் சின்ன பாட்டிலில் ஊற்றி மூடிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று நாளில் என் கைப்பையில் ஒன்பது குட்டி பாட்டில் சேர்ந்துவிட்டது.

அவர்கள் மூவரும் பகலில் நின்றபடி ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் குடித்தார்கள். நாலாவதற்கு மேல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்றார்கள். நான் ராத்திரி அறையில், ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு நாளைக்கு மூன்றே மூன்று. பக்கத்தில் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட். சைடிஷ் என்று எதையும் சேர்க்கவில்லை. காரம் சாப்பிட்ட நாக்குக்கு அரை மணி நேரத்துக்கு எதுவும் தெரியாது என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதானே. ஊருக்குத் திரும்பிய பிறகு யார் எதைக் குடித்தோம் என்று பேசிக்கொண்டபோது என்னிடம் மட்டும்தான் ஒன்பதுக்கும் பதில் இருந்தது.

எனக்கு ஆர்ட்பெக் என்றால் சுட்ட கருவாடுதான். எங்கள் வீடு தூத்துக்குடிப் பக்கம். தணலில் கருவாட்டைப் போட்டதும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வோம், இரண்டு நிமிடத்தில் பழைய சோற்றுத் தட்டோடு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். ஆர்ட்பெக்கும் எனக்கு அப்படியே நடந்தது. முகம் திரும்பியது, திரும்பி வந்தது. விமர்சனங்களில் புகைபோட்ட மீன் என்று படித்திருக்கிறேன், ஆனால் அது அந்த ஊர் மீன். என் கருவாட்டில் உப்பும் வெயிலும் சேர்ந்திருக்கிறது.

ஆர்ட்பெக்கிலிருந்து இன்னும் கொஞ்ச தூரம் வண்டியில் போனால் கில்டால்டன் சிலுவை இருக்கிறது, எட்டாம் நூற்றாண்டில் ஒரே கல்லில் செதுக்கியது. யாருமில்லாத இடிந்த கோயில் முற்றம். குடிக்காதவர்கள் கூட வந்தால் அவர்களை அங்கே கட்டாயம் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று, ஐலா என்றாலே புகை என்று நினைத்து ஒதுக்குகிறவர்களுக்கு. தீவின் வடகிழக்கில் பூனஹாவன் டிஸ்டிலரி இருக்கிறது. அவர்களுடைய வழக்கமான 12 வருடத்தில் புகை கிடையாது. 46.3 சதவீதம், ஷெர்ரி என்கிற ஒயினின் பீப்பாய் வாசம். எனக்கு அது பேரீச்சம்பழத்தைப் பாலில் ஊறவைத்தது போல. நிறம் பார்த்து ஏமாறக்கூடாது என்பதும் அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஸ்காட்ச் சட்டப்படி தண்ணீரைத் தவிரச் சேர்க்கக்கூடியது சாதாரணக் கேரமல் நிறம் ஒன்றுதான், அதைச் சேர்க்கவும் செய்கிறார்கள். ஆகவே கறுத்திருப்பதால் மட்டும் வயதானது என்று அர்த்தமில்லை. பூனஹாவனில் அந்தக் கேரமல் சேர்ப்பதில்லை.


கிளாஸ்கோவிலிருந்து, மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. லிவர்பூல் அண்ணன் சொன்னதை அடுத்த நாளே செய்து பார்த்தேன். மனைவி இரண்டு கிளாஸில் ஊற்றி அடியில் சீட்டு ஒட்டிக் கொடுத்தாள், எனக்கு எது எது என்று தெரியாது. குல் ஈலாவைச் சரியாகச் சொன்னேன், எலுமிச்சை காட்டிக்கொடுத்தது. லகவூலினை மோந்ததும் நோட்டில் எழுதியது: பழைய ஓட்டு வீட்டு அடுக்களை, புகைபோக்கிக்குக் கீழே தொங்கவிட்ட உறியில் புளிப்பானை. அந்தப் புளிப்பும் கறுப்பும் லகவூலினில் எனக்கு எப்போதும் வருகிறது. ஷெர்ரிப் பீப்பாயின் உலர்பழத்தைத்தான் என் மூக்கு பழைய புளி என்று படிக்கிறது போலும். எடின்பரோத் தங்கை இதற்கு ஏதாவது சொல்ல முடியுமா?

தனிச்செய்தியில் மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீர்கள், புகை விஸ்கி எதில் தொடங்குவது என்று. என்னைப் போல லஃப்ராய்க்கில் தொடங்க வேண்டாம். போமோர் 12 அல்லது குல் ஈலா 12. பாட்டில் வாங்காதீர்கள், விலை அதிகம், பிடிக்காமல் போனால் அலமாரியில் நின்று உறுத்தும். பப்பில் ஒரு டிராம், இல்லை 5 சென்டிலிட்டர் குட்டி பாட்டில். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். சென்ட், ஆஃப்டர்ஷேவ் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். முதல் வாய் சின்னதாக, நாக்கு முழுவதும் சுற்றவிட்டு விழுங்குங்கள், அது நாக்கைப் பழக்குவதற்கு மட்டும்தான். இரண்டாவது வாயிலிருந்துதான் எழுத வேண்டும். பாதியில் தண்ணீர். கடைசி வாயைப் பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டுக் குடியுங்கள்.

குடித்து முடித்த கிளாஸை அன்றிரவே கழுவாதீர்கள். காலையில் மோந்து பாருங்கள். ஆல்கஹால் எல்லாம் பறந்துபோயிருக்கும், அடியில் ஒட்டின படலம் மட்டும் இருக்கும். லஃப்ராய்க் ஊற்றிய கிளாஸ் மறுநாள் காலையில் டிங்சர் வாடை கொஞ்சமும் இல்லாமல், தண்ணீர் தெளித்து அணைத்த விறகடுப்பு மாதிரி இருக்கிறது. இன்று காலையும் அப்படித்தான் இருந்தது, மகள் வந்து மோந்துவிட்டுப் பாட்டி வீடு என்றாள். இன்றைய தேதி போட்டு அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.